முதல் ஜப்பானிய வாள்: 5 லட்சம் யென்னுக்கு எதை வாங்கலாம்?

பழைய ஜப்பானிய வாள் ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையோடு ஒருவர் சுமார் 5 லட்சம் யென் சேர்த்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானிய வாள் கடைகளின் பட்டியலைப் புரட்டினால், அந்தப் பணத்தைச் சுற்றி ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்து வகைப் பொருள்கள் கண்ணில் படும். பெரிய கொல்லர் ஒருவரின் பெயர் வெட்டப்பட்டிருந்தும் சான்றிதழ் இல்லாத கட்டானா, அதாவது 60.6 செ.மீ.க்கு மேற்பட்ட நீள வாள். கையொப்பம் இல்லாமல், ஆனால் சான்றிதழோடு வரும் 16ஆம் நூற்றாண்டுக் கட்டானா. எடோ காலக் (1603–1868) கொல்லர் கையொப்பமிட்ட வாக்கிசாஷி, அதாவது 30.3 செ.மீ.க்கும் 60.6 செ.மீ.க்கும் இடைப்பட்ட குறுவாள். இரண்டாம் உலகப் போரின் ராணுவ வாள். ஐந்தாவதாக, வாளே வேண்டாம் என்று விட்டுவிட்டு, பிடிக்கும் அலகுக்கும் நடுவே கோக்கும் ட்சுபா என்ற கைக்காப்புத் தகடுகள் இரண்டு மூன்று.

என் தேர்வு வாக்கிசாஷி. வாள் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்காத ஊரில் இருப்பவருக்கு ட்சுபா. மற்ற மூன்றும் கெட்டவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வாங்குதலுக்கு அவை ஏற்றவை அல்ல. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், இந்தப் பணத்தைக் கொடுத்து நாம் வாங்குவது என்ன? எஃகின் மேற்பரப்பை. ஜப்பானிய வாளின் அருமை முழுவதும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. எஃகை மடித்து மடித்து அடித்ததால் உண்டாகும் ரேகைகள் மரத்தின் வரிகளைப் போல அலகில் ஓடும், அது ஹாடா. தோய்ப்பதற்கு முன் முதுகுப் பக்கம் தடிமனாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் களிமண் பூசி, சூடேற்றி நீரில் அமிழ்த்தும்போது விளிம்பு மட்டும் கடினப்படும். கடினமான பகுதிக்கும் மென்மையான பகுதிக்கும் நடுவே வெண்மையாகத் தெரியும் எல்லை ஹாமோன். அந்த எல்லையில் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் மினுக்குப் பொடிகள் நியே. பனிமூட்டம் போல ஒன்றாகக் கலந்து தெரிவது நியோய். ஒரு பட்டறையை இன்னொரு பட்டறையிலிருந்து பிரித்துச் சொல்வது இவைதான்.

ஜப்பானில் வாள் ஆர்வலர்கள் கூடிப் பயிலும் கன்டெய் கூட்டங்களில் ஐந்தாறு வாள்களை வரிசையாக வைப்பார்கள். கையொப்பம் இருக்கும் அடிப்பகுதியான நாகாகோவைத் துணியாலோ மரப்பிடியாலோ மூடிவிடுவார்கள். வந்தவர்கள் வடிவத்தைப் பார்த்துக் காலத்தை ஊகித்து, ஹாடாவைப் பார்த்துப் பகுதியை ஊகித்து, ஹாமோனையும் முனையில் அது திரும்பும் விதத்தையும் பார்த்து, கடைசியில் ஒரு கொல்லரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். யமாஷிரோ, யமாட்டோ, பிசென், சோஷு, மினோ என்ற ஐந்து மரபுகளையும் மனதில் வைத்துக்கொண்டு படிப்படியாக வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு வரும் வேலை அது. முதலில் உடல், அப்புறம்தான் பெயர். வாங்கும்போதும் இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்துவது.

இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் பெயர் வெட்டிய, சான்றிதழ் இல்லாத கட்டானாவை நான் முதலிலேயே ஒதுக்குகிறேன். நாகாசோனே கோடெட்சுவை எடுத்துக்கொள்ளுங்கள். கவசம் செய்துகொண்டிருந்த மனிதர், எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு வந்து 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாள் கொல்லரானார். அவருடைய வாள்களின் வெட்டுத்திறன் அவர் வாழ்ந்த காலத்திலேயே பேசப்பட்டது. போலிகளும் சீக்கிரமே கிளம்பின. கோடெட்சுவின் பெயரைக் கண்டால் முதலில் போலி என்றே நினை என்பது வாள் வட்டாரத்தில் பழகிப்போன பேச்சு. மசாமுனே, முராமசா, கியோமாரோ, ஒசாகாவின் சுகேஹிரோ என்று பெயர் பெரிதாகப் பெரிதாகப் போலியும் பெருகும். இது இணையம் வந்த பிறகு தொடங்கிய மோசடி அல்ல. எடோ காலத்தில் வாள் என்பது பிரபுக்களுக்கிடையே அன்பளிப்பாகக் கைமாறிய பொருள். பெரிய பெயருள்ள வாளுக்கு எப்போதும் தேவை இருந்தது, தேவைக்கேற்ப உளியும் வேலை செய்தது. அதனால் போலிக் கையொப்பத்துக்கே 200 வருடத் துரு ஏறியிருக்கலாம். துரு பழசாக இருப்பதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜப்பானில் ஒரு வாளைச் சான்றிதழுக்கு அனுப்ப ஆகும் கட்டணம், சான்றிதழ் கிடைத்தால் அதன் விலை ஏறும் அளவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. உண்மையான கோடெட்சுவைக் கையில் வைத்திருக்கும் ஜப்பானிய வியாபாரி அந்தச் சிறு கட்டணத்தை ஏன் கட்டாமல் விட வேண்டும்? பெரும்பாலும் ஏற்கெனவே அனுப்பி, தேறாமல் திரும்பி வந்ததாகத்தான் இருக்கும். தேறாத வாளில் 'தேறவில்லை' என்ற முத்திரை எதுவும் குத்தப்படுவதில்லை. அது பேசாமல் ஏலத்துக்குப் போய்விடும். ஆக, ஜப்பானிலிருந்தே வரும் பெரிய பெயருக்குக் காகிதம் இல்லை என்றால், அந்த இல்லாமையே ஒரு செய்தி.

ஜப்பானுக்கு வெளியே கதை வேறு. 1945க்குப் பிறகு போர்வீரர்கள் கொண்டுபோன வாள்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குடும்பங்களின் பரண்களில் கிடந்து வெளியே வருகின்றன. அவற்றை யாரும் நிபுணரிடம் காட்டியதே இல்லை. வால்டர் காம்ப்டன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் அங்கே வாங்கிய ஒரு வாள், ககோஷிமாவின் டெருகுனி ஆலயத்திலிருந்து காணாமல்போன, குனிமுனே என்ற கொல்லரின் வாள், தேசியப் பொக்கிஷம் என்று தெரிந்தது. 1960களில் பணம் எதுவும் வாங்காமல் அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க அவருக்கிருந்த கண் வேண்டும். முதல் வாள் வாங்குபவருக்கு அது இருக்க வழியில்லை.

காகிதம் என்று சொல்லிக்கொண்டே போகிறேன்; எந்தக் காகிதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. ஜப்பானில் இருக்கும் ஒவ்வொரு வாளோடும் ஒரு பதிவு அட்டை இருக்கும். மாகாணக் கல்வி வாரியம் கொடுப்பது. நீளம், வளைவு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, நாகாகோவில் வெட்டியிருக்கும் எழுத்து ஆகியவை அதில் இருக்கும். எழுத்து 'மசாமுனே' என்றிருந்தால் அட்டையிலும் 'மசாமுனே' என்றுதான் எழுதுவார்கள். அது உண்மையா என்று அந்த அட்டை ஒன்றும் சொல்வதில்லை. அதைக் காட்டி 'அரசாங்கச் சான்று உண்டு' என்று விற்பவரிடம் மேற்கொண்டு பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

மதிப்பீட்டுச் சான்றிதழ்களில் பரவலாக ஏற்கப்படுவது, 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் கொடுப்பது. டோக்கியோவின் ரியோகோகுவில் இருக்கும் வாள் அருங்காட்சியகம் இவர்களுடையதுதான். இப்போதைய முறை 1982இல் வந்தது. கீழிருந்து மேலாக ஹோசோன், டோகுபெட்சு ஹோசோன், ஜூயோ, டோகுபெட்சு ஜூயோ என நான்கு படிகள். மேல் இரண்டு படிகளும் 5 லட்சம் யென்னுக்கு எட்டாதவை, அவற்றை மறந்துவிடலாம். 1982க்கு முந்தைய பழைய சான்றிதழ்களும் சந்தையில் சுற்றுகின்றன, அவற்றில் பச்சை நிறத்தாளில் பெரிய பெயர் இருந்தால் கவனம் தேவை. அந்தக் காலத்துச் சான்றிதழ்களில் சில நம்பகமற்றவை என்று சேகரிப்பாளர்களுக்குத் தெரியும். அதனால்தான் விவரமுள்ளவர்கள் அந்த வாள்களைப் புதிய முறையில் மறுபடி அனுப்பச் சொல்கிறார்கள். சரி, நல்ல காகிதமே இருக்கிறது. அதுவும் வாளின் ஆரோக்கியத்துக்குப் பொறுப்பேற்காது. இன்னாருடையது, இந்தக் காலத்தது, பாதுகாக்கத் தக்கது என்று சொல்லும். எஃகு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை உங்கள் கண்தான் சொல்ல வேண்டும்.

அந்தத் தேய்மானம்தான் இரண்டாவது வகையின் பிரச்சினை. கையொப்பமில்லாத வாள் என்றதும் மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. காமாகுரா காலத்தின் (1185–1333) நீண்ட டாச்சி வாள்கள் பலவற்றைப் பின்னாளில் அடியிலிருந்து வெட்டிக் குறுக்கினார்கள். கையொப்பம் இருந்த பகுதி அத்தோடு போயிற்று. தேசியப் பொக்கிஷங்களிலேயே அப்படிப் பெயரிழந்தவை உண்டு. ஆனால் 5 லட்சம் யென்னுக்கு அந்த வாள் கிடைக்காது. கிடைப்பது பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டின் போர்க்காலத்தில் பிசெனின் ஓசாஃபுனேயிலும் மினோவின் செகியிலும் படைகளுக்காக வேகவேகமாக அடிக்கப்பட்டவை. அதே ஓசாஃபுனேயில் சுகேசடா என்ற பெயரைப் பல கொல்லர்கள் பயன்படுத்தினார்கள். தனிப்பட்ட ஒருவர் கேட்டுச் செய்வித்த வாளில் 'யோசோசாயெமோன்' போன்ற கொல்லரின் சொந்தப் பெயரும் சேர்ந்து வரும், வேலைப்பாடும் கண்ணைப் பறிக்கும். மொத்தமாகச் செய்தவற்றில் அந்தக் கவனம் இருக்காது.

இவை 400, 500 வருடங்களில் பலமுறை சாணைக்குப் போய் வந்தவை. ஒவ்வொரு முறையும் எஃகு கொஞ்சம் குறையும். வெளித்தோல் எஃகு மெலிந்து, உள்ளே வைத்த மென்மையான எஃகு அங்கங்கே ரேகையற்ற மங்கல் திட்டுகளாக எட்டிப்பார்க்கும். முனையில் ஹாமோன் திரும்பி வர வேண்டிய இடத்தில் விளிம்போடு ஓடி மறைந்திருக்கும். இத்தகைய வாளைக் களைத்த வாள் என்கிறார்கள். மடிப்பு சரியாக ஒட்டாத சிறு பிளவு, உள்ளே காற்றடைத்த சிறு கொப்புளம் இவையெல்லாம் பழைய வாளில் மன்னிக்கத் தக்கவை. ஹாகிரே மட்டும் கூடாது. விளிம்புக்குச் செங்குத்தாக, கடினப்பட்ட எஃகுக்குள் மயிரிழை போல ஏறும் விரிசல் அது. வாளை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துச் சாய்த்து விளிம்பு முழுவதும் பார்த்தால்தான் தெரியும். அது இருந்தால் வாளாக அதன் ஆயுள் முடிந்தது.

'இப்போது மங்கலாக இருந்தால் என்ன, வாங்கிச் சாணை பிடித்துக்கொள்ளலாம்' என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நினைப்பு நிறையப் பேரின் பணத்தைத் தின்றிருக்கிறது. ஜப்பானில் முறையாகப் பயின்ற சாணைக்காரர், கரடான கல்லில் தொடங்கிப் படிப்படியாக மென்மையான இயற்கைக் கற்களுக்கு வந்து, கடைசியில் விரல் நுனியால் மெல்லிய கல் துணுக்குகளை வைத்துத் தேய்த்து முடிக்கிறார். நீளத்தை அளந்து கூலி போடுவார்கள்; காத்திருக்க வேண்டும்; சாதாரண வாளுக்கு அந்தச் செலவே வாளின் விலையைத் தொட்டுவிடும். அதைவிடப் பெரிய சங்கதி, மங்கலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தேய்த்த பிறகு ஹாகிரே தென்பட்டால் இரண்டு பணமும் போச்சு. வீட்டில் உப்புத்தாளால் நாமே தேய்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம். விளிம்புக் கோடுகள் மழுங்கி வடிவமே கெட்டுப்போகும். நாகாகோவின் துருவை ஒருபோதும் நீக்கக் கூடாது. வாளின் வயதுக்கு அதுதான் சாட்சி.

வாக்கிசாஷிக்கு வருகிறேன். எடோ காலத்தில் நீளமான வாளும் குறுவாளும் சேர்த்து இரண்டு அணிவது சாமுராயின் உரிமை. ஆனால் வணிகர்களும் மற்றவர்களும் குறுவாள் ஒன்றை அணிய முடிந்தது. பணம் படைத்த வணிகர்கள் நல்ல கொல்லர்களிடம் போனார்கள். ஒசாகா போன்ற வணிக நகரத்தின் பட்டறைகளில் தரமான வாக்கிசாஷிகள் ஏராளமாக உருவானதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 'புதிய வாள்' காலம் தொடங்குவதாகக் கொள்ளும் 1596க்குப் பின் வந்தவை என்பதால் பழைய வாள்களை விடக் குறைவான சாணை கண்டவை; தோல் எஃகு தடிமனாக இருக்கும். பெரும்பாலும் வெட்டிக் குறுக்கப்படாதவை. நாகாகோ முழுதாக, கொல்லர் போட்ட அரத்தின் கோடுகளோடும் அவர் வெட்டிய கையொப்பத்தோடும் இருக்கும். ஒரு கையொப்பத்தை எப்படிப் பார்ப்பது என்று பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது.

விலைதான் பெரிய சாதகம். சேகரிப்பாளர்கள் பலர் 60.6 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டானாவையே விரும்புவதால், அதே கொல்லரின் அதே தரமுள்ள வாக்கிசாஷி பாதி விலைக்கோ இன்னும் குறைவாகவோ கிடைக்கும். எஃகு அதே, கை அதே, தோய்ப்பும் அதே. பிசென் மரபின் ஆழ்ந்த அலை ஹாமோனையோ, கியூஷு தீவிலுள்ள ஹிசெனின் அரிசித் தவிடு தூவியது போன்ற நுண்ணிய ஹாடாவையோ 45 செ.மீ. நீளத்தில் பார்த்துக் கற்றுக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. ஹிசெனில் தடாயோஷி என்ற கொல்லரின் நேர் வாரிசுகள் செய்தவை இந்தத் தொகைக்கு மேலே போகலாம். அதே பட்டறையில் பயின்ற கிளைக் கொல்லர்களைத் தேடுங்கள். பெயர் சிறியது, வேலை பல சமயம் அருகில் வந்துவிடும். ஹோசோனோ டோகுபெட்சு ஹோசோனோ இருந்து, சாணையும் நல்ல நிலையில் இருக்கும் ஒன்றுக்கு 5 லட்சம் யென் போதும்.

குறை இல்லாமல் இல்லை. மறுபடி விற்கப் போனால் கட்டானாவைப் போலச் சீக்கிரம் நகராது. சுவரில் வைத்துப் பார்க்கும் கம்பீரமும் குறைவுதான். அந்தக் கம்பீரம்தான் வேண்டும் என்றால், காத்திருந்து இன்னும் பணம் சேர்த்து ஒரு நல்ல கட்டானாவை வாங்குங்கள். களைத்த கட்டானாவில் நீளம் மட்டுமே மிஞ்சும். இரண்டு மாதத்தில் அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

ராணுவ வாள்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அவை வேறொரு துறை. 1934, 1938ஆம் ஆண்டு மாதிரிகள் அதிகாரிகளுடையவை. 1935 மாதிரி கீழ்நிலை அதிகாரிகளுக்காக இயந்திரத்தில் செய்து வரிசை எண் குத்தப்பட்டது. பெரும்பாலானவை எண்ணெயில் தோய்த்த, மடிக்காத எஃகு. மரபு முறைப்படி அடிக்காதவற்றை ஜப்பானில் பதிவு செய்ய முடியாது, ஆகவே அவை வெளிநாடுகளில்தான் கைமாறுகின்றன. 1933 முதல் 1945 வரை யாசுகுனி ஆலயத்தில் மரபு முறையில் அடிக்கப்பட்டவை இதற்கு விலக்கு. சில அதிகாரிகள் குடும்பத்தின் பழைய வாளை ராணுவ உறையில் போட்டு எடுத்துச் சென்றார்கள் என்பதும் உண்மைதான். பர்மா, மலாயா, சிங்கப்பூர் சரணடைவுகளின் வரலாறு உங்களை இழுக்கிறதென்றால் தாராளமாக வாங்குங்கள். எஃகைப் படிக்க இது வழியல்ல.

ட்சுபாவுக்கு நியாயம் செய்ய வேண்டும். வாளின் துணையாக வந்து தனிக் கலையாக நின்றது அது. ஒரு கையகலத் தகட்டில் ஒரு முழு உலகம். இரும்பில் துளைவேலை செய்த ஓவாரி, அகாசாகா, ஹிகோ பட்டறைகள் ஒரு பக்கம். மென்மையான உலோகங்களில் புடைப்பு வேலை செய்த கோட்டோ குடும்பம் இன்னொரு பக்கம். கோட்டோ யூஜோ 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்த வழி 17 தலைமுறை நீடித்தது. 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தபோது இந்தத் தொழிலின் அடித்தளமே சரிந்தது. கானோ நாட்சுவோ போன்ற மேதைகள் நாணய அச்சுக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் திரும்பினார்கள். மெய்ஜி நாணயங்களின் வடிவங்களில் அவர் கை இருக்கிறது.

மதிப்பிடும்போது இரும்பு ட்சுபாவில் முதலில் பார்க்க வேண்டியது நிறம். ஊதா கலந்த ஆழ்ந்த கருமை நல்லது. செந்துரு சமீபத்திய அலட்சியம், அல்லது அமிலம் ஊற்றிப் பழசாக்கிய வேலை. அடுத்து, துளைவேலையின் உட்சுவர்கள். ரம்பத்தால் அறுத்து அரத்தால் தேய்த்தவை கூர்மையான ஓரங்களோடு இருக்கும். வார்ப்புப் போலியில் ஓரங்கள் உருண்டு, உட்சுவரில் மெல்லிய வார்ப்புக் கோடும் ஊசிமுனைக் குழிகளும் தெரியும். நடுவில் வாள் நுழையும் துளையைச் சுற்றி உளியால் தட்டிய தடங்களோ செம்புத் துண்டுகளோ இருந்தால், உண்மையாகவே வாள்களில் பொருத்திப் பயன்பட்டது என்று பொருள். ஷாகுடோ என்பது செம்பில் சிறிதளவு பொன் கலந்து, மருந்து நீரில் கொதிக்கவைத்துக் கருநீலம் ஏற்றிய உலோகம். அந்த நிறம் மேலே ஒரு மெல்லிய தோல் மட்டுமே. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது போல இதைத் துலக்கினால், 300 வருட வேலை ஒரே காலையில் போய்விடும். மென்மையான பருத்தித் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ட்சுபாவுக்கும் அதே சங்கம் ஹோசோன் கொடுக்கிறது. 1 லட்சம் யென்னுக்குள் சான்றிதழோடு நல்லவை கிடைக்கும். ஆகவே 5 லட்சத்தை ஒன்றில் கொட்டாமல், இரும்பில் ஒன்று, ஷாகுடோவில் ஒன்று என்று வாங்கி இரண்டு மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். தபாலில் வரும், மரப்பெட்டியில் வைத்தால் போதும், வாளுக்குப் போடுவது போல எண்ணெய் போட்டுக் காக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் வாக்கிசாஷியையே முதலில் சொல்வதற்குக் காரணம், ட்சுபாவிலிருந்து வாளுக்குப் போகிறவருக்கு எஃகு புதிதாகவே இருக்கிறது. வாளைப் படித்தவருக்கோ ட்சுபாவின் இரும்பு பாதி புரிந்துவிடுகிறது.

சட்டத்தை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வாளும் ஆயுதம்தான், இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். பழம்பொருள் என்று சொல்லித் தபாலில் வரவழைத்தால் சுங்கத்தில் சிக்கும். பிரிட்டன் 2008இல் வளைந்த நீள வாள்களைத் தடை செய்தபோது, மரபு முறையில் கையால் செய்தவற்றுக்கு விலக்குக் கொடுத்தது. ஜப்பானிலிருந்து வாள் வெளியேறப் பண்பாட்டு விவகார முகமையின் அனுமதி தேவை. அப்போது பதிவு அட்டையை ஒப்படைத்துவிடுவார்கள். நல்ல கடைகள் இதையெல்லாம் தாங்களே செய்துகொடுக்கும்.

பணம் அனுப்பும் முன் கடைக்காரரிடம் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். நாகாகோவின் இரண்டு பக்கப் படம், முனையின் நெருக்கப் படம், சான்றிதழின் படம், விளிம்பில் ஹாகிரே இல்லை என்று எழுத்தில் ஓர் உறுதி, வாள் கைக்கு வந்து பார்த்த பிறகு திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்ற பதில். இவற்றில் எதையாவது தரத் தயங்கினால் அந்தக் கடையை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். வாக்கிசாஷிகள் நிறைய இருக்கின்றன.